பழைய கதையும் பழைய கணக்கும்

1

'சோப் ஆப்பரா' என்பதை நாம் இதுவரை ஒரு வசைச்சொல்லாகத்தான் பயன்படுத்தி வந்திருக்கிறோம். ஒரு நாவல் பிடிக்கவில்லையா, 'தொலைக்காட்சித் தொடர் மாதிரி இருக்கிறது' என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும், விமர்சனக் கடமை தீர்ந்தது. நானும் அப்படி எழுதியிருக்கிறேன். எழுதிய நம்மில் எத்தனை பேர் ஒரு தொடரை அதன் இயல்பான கால அளவில், அதாவது வருஷக் கணக்கில், பார்த்திருக்கிறோம் என்று யாரும் கேட்டதில்லை. பார்க்காமலே அபிப்பிராயம் சொல்லக்கூடிய ஒரே கலை வடிவம் இதுதான் என்று நமக்குள் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது.

இந்தக் கட்டுரை அந்த வடிவத்துக்கு உயர்வு தேடித் தருவதற்காக எழுதப்படுவது அல்ல. பெரும்பாலான தொடர்கள் அவசரத்தில் எழுதப்பட்டு அவசரத்தில் நடிக்கப்படுபவை. சோப்பு விற்பதற்காகப் பிறந்தவை. 1930களின் அமெரிக்க வானொலியில், பகலில் வீட்டிலிருக்கும் பெண்களை உத்தேசித்து சோப்புக் கம்பெனிகள் பணம் போட்டு நடத்திய கதைகள் அவை. பெயரும் அப்படி வந்ததுதான். அவற்றுள் ஒன்றான 'கைடிங் லைட்' 1937இல் வானொலியில் தொடங்கி, 1952இல் தொலைக்காட்சிக்கு வந்து, 2009 செப்டம்பரில்தான் நின்றது. 72 வருஷம். இதன் தரத்தைப் பற்றி எனக்குப் பெரிய மயக்கம் இல்லை.

என்னை யோசிக்க வைத்தது இதன் ரசிகர்கள் பேசிக்கொள்ளும் ஒரு விதம். நேற்று என்ன நடந்தது, நாளை என்ன நடக்கும் என்ற பேச்சு எல்லாத் தொடருக்கும் உண்டு. அதைத் தவிர இன்னொரு பேச்சு இருக்கிறது: இருபது, முப்பது, நாற்பது வருஷங்களுக்கு முன் ஒளிபரப்பாகி முடிந்துபோன ஒரு கதைப்பகுதியை எடுத்துவைத்துக்கொண்டு, அது எப்படி நடந்தது, அதற்கு என்ன அர்த்தம், அப்போது யார் செய்தது சரி என்று விடாமல் வாதிடுவது. இதை அசட்டுப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவது சுலபம். எனக்கென்னவோ, நாம் விமர்சனம் என்று சொல்லிக்கொள்ளும் காரியத்தின் ஒரு மூலாதாரமான பிரச்னை அங்கே நம்மிடம் இருப்பதைவிடக் கூர்மையாக இருக்கிறதாகத் தோன்றுகிறது.

2

முதலில் வடிவம். நாவலுக்கு முடிவு உண்டு. முடிவிலிருந்து திரும்பிப் பார்த்துத்தான் நாம் அதன் உருவத்தைப் பற்றிப் பேசுகிறோம். சந்தேகம் வந்தால் பின்பக்கம் புரட்டலாம். வாரம் ஐந்து நாள், வருஷம் முழுதும் என்று போய்க்கொண்டிருக்கும் ஒரு தொடருக்கு இந்த இரண்டும் இல்லை. முடிவு என்பது அதன் திட்டத்திலேயே கிடையாது. வீட்டில் பதிவு செய்யும் கருவி பரவலாகும்வரை பின்பக்கமும் கிடையாது. ஒளிபரப்பான அந்த மணியோடு அது பார்வையாளரின் நினைவுக்குள் போய்விடும், வேறெங்கும் இருக்காது.

'வேறெங்கும்' என்று மிகைப்படச் சொல்லவில்லை. 1970களின் பிற்பகுதிவரை அமெரிக்க நிறுவனங்கள் பகல்நேரத் தொடர்களின் ஒளிநாடாக்களைப் பெரும்பாலும் அழித்துவிட்டு அவற்றின் மேலேயே வேறு நிகழ்ச்சிகளைப் பதிவு செய்தன. நாடா விலை அதிகம், இதை மறுபடி யார் பார்க்கப் போகிறார்கள் என்ற நியாயம். 1966இலிருந்து 1971வரை ஒளிபரப்பான 'டார்க் ஷாடோஸ்' இதற்கு ஒரு விதிவிலக்கு. அதன் 1225 பகுதிகளில் ஒன்றைத் தவிர எல்லாம் தப்பிவிட்டன. தொலைந்த அந்த 1219ஆவது பகுதியைப் பிற்பாடு எப்படி மீட்டார்கள்? ஒளிபரப்பின்போது ஒரு ரசிகர் வீட்டில் ஒலியை மட்டும் பதிவு செய்து வைத்திருந்தார். அந்த ஒலியோடு அசையாத படங்களைச் சேர்த்து அந்தப் பகுதியை ஒருவாறு திரும்பக் கட்டினார்கள். சிருஷ்டித்த ஸ்தாபனத்திடம் இல்லாத பிரதி ஒரு ரசிகரிடம் இருந்தது. ஆகவே, பழைய கதையைப் பற்றிப் பேசும் ரசிகர்கள் ஒரு பிரதியைப் பற்றி மட்டும் பேசுபவர்கள் அல்ல. பல சமயங்களில் பிரதியே அவர்கள்தான்.

இரண்டாவது, அவர்கள் எதைப் பேசுகிறார்கள் என்பது. ராபர்ட் ஆலன் என்ற அமெரிக்க விமர்சகர் 1985இல் இந்த வடிவத்தைப் பற்றி எழுதிய நூலில் ஒரு உபயோகமான வேறுபாட்டைக் காட்டினார். வெளியாள் ஒரு தொடரைப் பார்க்கும்போது 'அடுத்து என்ன' என்ற வரிசையை மட்டும் பார்க்கிறான். அந்த வரிசை நகர்வதே இல்லை என்று அலுத்துக்கொள்கிறான். ஒரே செய்தியை ஒரு பாத்திரம் இன்னொருவரிடம் சொல்ல, அவர் மூன்றாமவரிடம் சொல்ல, ஒரு வாரம் போய்விடுகிறது. ஆனால் பழகிய பார்வையாளருக்கு அது ஒரே செய்தி அல்ல. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இடையே பத்து வருஷத்துக்கு முன் நடந்தது என்ன என்று அவருக்குத் தெரியும். அவர் பார்ப்பது வரிசையை அல்ல, உறவுகளின் வலையை. முன்கதை தெரியாதவனுக்கு அங்கே ஓர் அறையில் இருவர் காப்பி குடிக்கிறார்கள். தெரிந்தவருக்கு, ஒரு காலத்தில் ஒருவரையொருவர் நாசம் செய்த இருவர் காப்பி குடிக்கிறார்கள்.

எனவே பழைய கதையைப் பேசுவது என்பது இந்த வடிவத்துக்கு வெளியே நடக்கும் வம்பு அல்ல. இந்த வடிவத்தை வாசிப்பதற்கு அதுவே நிபந்தனை. இதுவரை சொன்னது ரசிகர்களுக்கு அனுகூலமான பக்கம். சிக்கலான பக்கத்துக்கு ஓர் உதாரணம் வேண்டும்.

3

ஏ.பி.சி. நிறுவனத்தின் 'ஜெனரல் ஹாஸ்பிடல்' 1963 ஏப்ரல் 1இல் தொடங்கியது. 2023இல் 60 வருஷத்தை நிறைவு செய்தது. போர்ட் சார்ல்ஸ் என்ற கற்பனை ஊர். அங்கே ஓர் ஆஸ்பத்திரி. அதைச் சுற்றிய குடும்பங்கள். 1970களின் மத்தியில் நின்றுபோகும் நிலையில் இருந்த தொடரை 1978இல் குளோரியா மான்ட்டி என்ற தயாரிப்பாளர் ஏற்று வேகப்படுத்தினார். அப்போது குறுகிய காலத்துக்கென்று கொண்டுவரப்பட்ட ஒரு பாத்திரம் லூக் ஸ்பென்ஸர். நடித்தவர் ஆன்ட்டனி கியரி. லாரா என்ற இளம் பெண் ஏற்கெனவே ஸ்காட்டி என்பவனை மணந்தவள். நடித்தவர் ஜெனி ஃபிரான்சிஸ், அப்போது பதினேழு வயது.

1979 அக்டோபரில் ஒளிபரப்பான ஒரு பகுதியில், மூடிய பிறகு யாருமில்லாத ஒரு நடன விடுதியில், குற்றக் கும்பலால் தான் சாகப்போவதாக நம்பும் லூக், லாராவிடம் தன் காதலைச் சொல்கிறான். பிறகு அவளைப் பலாத்காரம் செய்கிறான். அந்தக் காட்சி இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. பார்த்தேன். அவள் வேண்டாம் என்கிறாள். அதில் எந்தப் பூடகமும் இல்லை. பின்னணியில் ஹெர்ப் ஆல்பர்ட்டின் 'ரைஸ்' என்ற வாத்திய இசை ஒலிக்கிறது. அதே மாதம் அந்த இசைத்தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. இந்தத் தொடரில் ஒலித்ததும் அதற்கு ஒரு காரணம். காட்சியின் பயங்கரத்தை அல்ல, அதன் லயத்தை ஜனங்கள் வீட்டுக்கு வாங்கிப்போனார்கள் என்று இதைப் படிக்கலாம். படிக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். லூக்கும் லாராவும் ஒன்றாகத் தோன்றும் காட்சிகளைப் பார்வையாளர்கள் விரும்பினார்கள். ஸ்தாபனம் அதைக் கவனித்தது. நடந்தது பலாத்காரம் அல்ல, ஒரு வகையான வசப்படுத்தல் என்று தொடருக்கு வெளியேயும் உள்ளேயும் பேச்சு திருப்பப்பட்டது. 1980இல் இருவரும் சேர்ந்து தலைமறைவாக ஓடினார்கள். 1981இல் உலகத்தையே உறைய வைக்கும் ஓர் இயந்திரத்திலிருந்து ஊரைக் காப்பாற்றினார்கள். 1981 நவம்பர் 16, 17 தேதிகளில் அவர்கள் கல்யாணம் ஒளிபரப்பானது. எலிசபெத் டெய்லர் அதில் வந்து தம்பதியைச் சபித்தார். சுமார் 3 கோடிப் பேர் பார்த்தார்கள். அமெரிக்கப் பகல்நேரத் தொடர்களின் வரலாற்றில் அதுவே மிகப் பெரிய கூட்டம்.

ஒரு சொல்லின் இடத்தில் இன்னொரு சொல்லை வைத்து ஒரு செயலையே மாற்றிவிட்டார்கள் என்று சொல்வது சரி. ஆனால் யார் மாற்றினார்கள்? ஸ்தாபனம் மட்டுமா? அந்த 3 கோடிப் பேர் எங்கே போனார்கள்? அந்தப் பகுதியைப் பற்றிப் பேசும் ரசிகர்கள் தப்பிக்க முடியாத கேள்வி இது. எனக்குத் தெரிந்து எந்த இலக்கிய விவாதத்திலும் வாசகன் இவ்வளவு நேரிடையாகக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டதில்லை.

4

முடிவற்ற கதையில் பழைய தவற்றை என்ன செய்யலாம்? இரண்டு வழிகள் இருந்திருக்கின்றன.

ஒன்று, அழித்துவிடுவது. இதற்குப் பிரசித்தமான உதாரணம் 'டாலஸ்'. அது பகல்நேரத் தொடர் அல்ல, வாரம் ஒரு முறை இரவில் வந்தது. ஆனால் வடிவம் இதுவேதான். 1985 மே மாதம் பாபி யூயிங் என்ற பாத்திரம் இறந்தது. தொடர் செல்வாக்கு இழந்தது. 1986 மே மாதம் அவன் ஒரு குளியலறையில் நின்றுகொண்டிருந்தான். செப்டம்பரில் காரணம் சொன்னார்கள்: இடையில் ஒரு வருஷம் ஒளிபரப்பானது முழுதும் அவன் முன்னாள் மனைவி பாம் கண்ட கனவு. ஆனால் 'நாட்ஸ் லேண்டிங்' என்று இதிலிருந்து கிளைத்த இன்னொரு தொடர் இருந்தது. அதில் பாபியின் அண்ணன் துக்கம் கொண்டாடியிருந்தான். அந்த மரணத்தை அங்கே யாரும் திருத்தவில்லை. பாபி ஒரு தொடரில் உயிரோடும் மற்றொன்றில் பிணமாகவும் இருந்தான். இதைக் கண்டுபிடித்து நினைவில் வைத்துக்கொண்டவர்கள் ரசிகர்கள்தான். அவர்கள் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பில் ஒரு நீதி இருக்கிறது. ஒரு வருஷம் நாங்கள் அழுதது எங்கள் அழுகை, அதைக் கனவு என்று சொல்ல நீ யார் என்ற கேள்வி அது.

இரண்டாவது வழியை ஒரு வங்கிக் குமாஸ்தாவாக எனக்குச் சொல்வது சுலபம். ஒரு கணக்கில் தவறாக ஒரு தொகை ஏறிவிட்டால் அதை அழிக்க முடியாது; அழிக்கவும் கூடாது. அதற்கு எதிர்ப்பதிவு போட வேண்டும். தவறும் திருத்தமும் அதனதன் தேதியோடு இரண்டு வரிகளாக என்றைக்கும் நிற்கும். இருப்புத் தொகை சரியாகிவிடும். ஆனால் அந்தத் தேதியில் நாம் தவறு செய்தோம் என்பது போகாது.

1998இல் 'ஜெனரல் ஹாஸ்பிடல்' போட்டது எதிர்ப்பதிவு. லூக், லாராவின் மகன் லக்கி இப்போது பள்ளிப் பையன். அவனுடைய தோழி எலிசபெத் ஒரு காதலர் தின இரவில் பலாத்காரத்துக்கு ஆளாகிறாள். அவன் அவளுக்குத் துணையாக நிற்கிறான். அந்தச் செயலின் அர்த்தம் என்ன என்று அவள் மூலம் தெரிந்துகொள்கிறான். அந்த நிலையில்தான், தன் தகப்பன் தன் தாய்க்கு முன்பு செய்ததும் அதுவே என்று அவனுக்குத் தெரிய வருகிறது. 1979இல் நடந்ததற்கு 19 வருஷம் கழித்து, அதன் பழைய பெயரால் தொடருக்குள்ளேயே அது அழைக்கப்படுகிறது. லூக்கும் லாராவும் அதைப் பற்றிப் பேச வேண்டி வருகிறது. அதே கியரி, அதே ஃபிரான்சிஸ், 19 வருஷம் மூப்படைந்த அதே முகங்கள்.

இதை வேறெந்தக் கலை வடிவமும் இந்த விதத்தில் செய்துவிட முடியாது என்று நினைக்கிறேன். நாவலாசிரியன் இருபது வருஷம் கழிந்ததாக ஒரு வரியில் எழுதலாம். அது மையில் கழிந்த காலம். இங்கே கழிந்தது நடிகர்களின் உடம்பில், பார்த்தவர்களின் உடம்பில். 1979இல் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து பார்த்த பெண்ணுக்கு 1998இல் அந்தப் பையன் வயதில் ஒரு பிள்ளை இருந்திருக்கலாம். லக்கி கேட்கும் கேள்வி லூக்கிடம் மட்டும் கேட்கப்படுவது அல்ல. உன் கல்யாணத்துக்குக் கைதட்டியவர்கள் யார் என்றும் அது கேட்கிறது.

ரசிகர்களின் வாதம் இங்கேதான் பிரிகிறது. 1998 வந்தது நியாயம், அந்தச் சொல் முதலிலேயே சொல்லப்பட்டிருக்க வேண்டும் என்பது ஒரு தரப்பு. நாங்கள் நேசித்த ஜோடியை, அந்தக் காலத்தின் பார்வையை, பின்னால் வந்த நீதியுணர்வால் கெடுத்துவிட்டார்கள் என்பது இன்னொரு தரப்பு. மூன்றாவது தரப்பு ஒன்று உண்டு; எனக்கு அதுதான் நெருக்கம். அவர்கள் இரண்டையும் விட்டுக்கொடுப்பதில்லை. அது பலாத்காரம்தான், நான் அதை அன்றைக்கு அப்படிப் பார்க்கவில்லை என்பதும் உண்மை, பார்க்காமல் மகிழ்ந்தேன் என்பதும் உண்மை. இந்த மூன்றையும் ஒரே வாக்கியத்தில் சொல்வது எவ்வளவு சிரமமானது என்று நம்மில் யாராவது முயன்று பார்க்கலாம்.

பழைய கதையைப் பற்றிய பேச்சு உண்மையில் தொடரின் கடந்த காலத்தைப் பற்றியது அல்ல என்று இதிலிருந்து எனக்குப் படுகிறது. அது பார்வையாளர் தம்முடைய பழைய ரஸனையோடு தீர்க்கும் கணக்கு. அன்று எனக்கு ஏன் இது பிடித்தது என்ற கேள்வி. அதற்கு நேசித்தவர்தான் பதில் சொல்ல முடியும். வெளியிலிருந்து வருபவன் 1979ஐக் கண்டிக்கலாம். கண்டனம் சரியாகவே இருக்கும். ஆனால் அதற்கு அவன் எந்த விலையும் கொடுப்பதில்லை. அதே சமயம், முதலில் மறந்துவிட விரும்புகிறவனும் நேசித்தவன்தான். சாட்சியும் அவனே, சாட்சியைக் கலைக்கத் துடிப்பவனும் அவனே. ரசிகனின் நினைவைப் போற்றி எழுதுபவர்கள் இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறார்கள்.

5

நமக்கு இதில் என்ன? நம் வார இதழ்களில் வந்த தொடர்கதைகளை வாரா வாரம் கிழித்தெடுத்து, கடைசியில் பைண்டு செய்து வைத்த வீடுகள் தமிழ்நாட்டில் நிறைய. என் தாத்தா வீட்டு அலமாரியிலும் இருந்தன. கதைக்கு நடுவே பழைய விளம்பரங்கள், பாதி வெட்டுப்பட்ட துணுக்குகள். 'எழுத்து' காலத்திலிருந்து சிறுபத்திரிகை மரபு அவற்றைச் சீரழிவின் சின்னமாகவே பார்த்து வந்திருக்கிறது. அவற்றின் தரத்தைப் பற்றிய நம் தீர்ப்பு பெரும்பாலும் தவறல்ல. ஆனால் அந்தக் கதைகளில் எதை எதை ரசித்தோம், அந்த ரஸனைக்குள் எந்தெந்தக் கொடுமைகள் இனிப்பாக உள்ளே போயின என்று, அவற்றை பைண்டு செய்து வைத்துக்கொண்டவர்கள் உட்கார்ந்து பேசியிருந்தால் அது நம் தீர்ப்பைவிட ஆழமான விமர்சனமாக இருந்திருக்கும். அவர்களை நாம் பேச விடவில்லை. ரசிகன் என்ற சொல்லையே ஏளனமாக்கிவிட்டோம்.

நம்மைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம்முடைய சிறு வட்டத்தில், நாம் கொண்டாடிய ஒரு படைப்பு இன்று உறுத்தும்போது என்ன செய்கிறோம்? ஒன்று, 'டாலஸ்' வழி: அந்தக் கட்டத்தை நாங்கள் கடந்துவிட்டோம் என்று அறிவித்து, எழுதிய கட்டுரையைத் தொகுப்பில் சேர்க்காமல் விட்டுவிடுகிறோம். அல்லது சொல்லை மாற்றுகிறோம்: அது கொடுமை அல்ல, அது படைப்பின் பல பரிமாணங்களில் ஒன்று. குளோரியா மான்ட்டியின் ஸ்தாபனத்துக்கு நம்மைவிட இந்த வித்தை அதிகம் தெரிந்திருக்கவில்லை. ஒரு பெண் பாத்திரத்தின் மறுப்பை எழுத்தாளன் மௌன சம்மதமாக மாற்றிய கதைகளை, மொழிக்காகவும் உருவத்துக்காகவும் நான் புகழ்ந்து எழுதியிருக்கிறேன். மொழியும் உருவமும் இன்றும் நன்றாகத்தான் இருக்கின்றன. அந்த மறுப்பை நான் அன்று படிக்கவே இல்லை.

எதிர்ப்பதிவு போடுவது எப்படி என்று சோப்பு விற்கப் பிறந்த ஒரு கதையும் அதன் ரசிகர்களும் 19 வருஷம் எடுத்துக்கொண்டு கற்றிருக்கிறார்கள். அதுவும் பாதிதான், 1998க்குப் பிறகும் அந்த ஜோடியின் பழைய புகழ் விற்பனைக்கு உபயோகப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. இருந்தாலும் அந்த வரி ஏட்டில் ஏறிவிட்டது, தேதியோடு. ரசிகர்கள் அதை மறக்க விடுவதில்லை.

என் பழைய கட்டுரைகளை ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். மேலே சொன்ன கதைகளைப் பற்றியவை அதில் மூன்று. அவற்றை எடுத்துவிடப் போவதில்லை. அடுத்த இதழில் அவற்றைப் பற்றி எழுதுகிறேன்.